கழுத்து திருகிய கோழியை அறுக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கோழிக்குக் கழுத்து திருகினால் உடனே அரிவாள்மனையைத் தேடுவார்கள். போன ஐப்பசி அடைமழையில் என் வெடைக்கோழி ஒன்று தலையை முதுகோடு மடக்கி, அலகு வானம் பார்க்க, பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது. "குழம்புக்கு ஆவும்"னு சொன்னாங்க அத்தை. இன்றைக்கு அது 11 முட்டை மேல் அடை உட்கார்ந்திருக்கிறது.

முதலில் எச்சத்தைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, கூட மேய்கிறதுகளும் சோர்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல். அதைத் தீர்க்க மருந்து கிடையாது. தனியே பிரித்துவிட்டு மாட்டாஸ்பத்திரியில் சொல்லுங்கள். அது வராமல் தடுக்க, குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணில் தடுப்புச் சொட்டு மருந்து, 8ஆவது வாரம் தடுப்பூசி. இதைத் தவறவே விடாதீர்கள்.

எச்சம் நன்றாக இருந்து, பசியும் இருந்தால், தலையில் கொத்துப்பட்டதா, காதில் சீழா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் தீனிதான் காரணம். என் சந்தேகம் தவிட்டின் மேல். மில்லில் மூட்டையாக வாங்கி, மழைக்காலம் முழுக்க அதையே போட்டேன். காறல் வாடை அடித்தது. தவிடு காறினால் அதிலுள்ள வைட்டமின் ஈ போய்விடும். வாய்க்கால் கெண்டையின் குடலைப் பச்சையாகப் போடுவதும் தப்பு, அது பி1 சத்தை அழிக்கும். வேகவைத்துப் போடுங்கள். இந்த இரண்டு சத்தில் எது குறைந்தாலும் கழுத்து திருகலாம்.

இந்தக் கோழி பெரும்பாலும் திருகலால் சாவதில்லை, தாகத்தால் சாகும். அலகு தண்ணீருக்குப் போய்ச் சேராது. பழைய துண்டால் சுற்றி மடியில் வைத்து, இடது உள்ளங்கையில் தலையைத் தாங்குங்கள். இழுத்து நிமிர்த்தக் கூடாது. அலகின் ஓரத்தில் இங்க் பில்லரால் ஒரு சொட்டு விடுங்கள். தொண்டை அசைந்து விழுங்கிய பிறகே அடுத்தது. வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் செய்தேன்.

பெரிய கோழிக்கு தினம் ஒரு வைட்டமின் ஈ 400 மாத்திரையை ஊசியால் குத்தி, உள்ளே உள்ள எண்ணெயை அதே போல அலகோரத்தில் சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். கூடவே பி1 உள்ள சத்து மருந்து, வெந்த முட்டை மஞ்சள் கரு. சத்தம் கேட்டுப் பயந்தால் திருகல் கூடும், அதனால் பஞ்சாரத்தைச் சாக்கால் மூடி இருட்டான மூலையில் வையுங்கள்.

9ஆம் நாள் தானே ஒரு பருக்கையைக் கொத்தியது. அழுதுவிட்டேன். ஆனால் நிமிர்ந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்த, மூன்றே நாளில் மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்த பிறகும் இரண்டு வாரம் கொடுங்கள்.