லூசியானாவின் தடுப்புத் தீவுகள்: மணலையும் சதுப்பையும் மீட்கும் முறை

தடுப்புத் தீவு என்பது கரைக்கு முன்னே நீளமாகக் கிடந்து புயல் அலையைத் தாங்கும் மணல் தீவு. அமெரிக்காவின் லூசியானாக் கடலோரத்தில் கடல்மட்டத்தின் தினசரி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 30 செ.மீ. தான் வித்தியாசம். அதனால் தரைமட்டம்தான் முதல் கணக்கு. சதுப்பு 15 செ.மீ. தாழ்ந்தாலே புல் மூழ்கிச் சாகும். அதே அளவு உயர்ந்துவிட்டால் புதர் மண்டும். இறாலும் மீன்குஞ்சும் ஏறி வராது.

வேலையைத் தீவின் முதுகுப்புறம், உப்பங்கழிப் பக்கம் தொடங்குங்கள். புயல் அலை உள்ளே தள்ளும் மணலை ஏந்திக்கொள்ளச் சதுப்பு வேண்டும். இல்லையென்றால் அத்தனை மணலும் கழிக்குள் போய்விடும். சுற்றிலும் மண்கரை கட்டி, தூர்வாரும் கப்பலிலிருந்து குழாய் வழியே வண்டல் குழம்பை விடுங்கள். நிரப்பும் மட்டத்தைவிடக் கரை 30 செ.மீ. ஆவது உயரமாக இருக்கட்டும். புது வண்டல் நீர் வடிந்து அமுங்கும், அடித்தரையும் கூடவே இறங்கும். ஆகவே தேவையான மட்டத்துக்கு மேலேயே நிரப்ப வேண்டும். எவ்வளவு மேலே என்பதை அந்த இடத்து மண்ணைத் துளையிட்டுச் சோதித்தே முடிவு செய்யுங்கள். பக்கத்துத் திட்டத்தின் கணக்கு உதவாது.

மண் இறுகியதும் அந்த மண்கரையை ஆங்காங்கே வெட்டித் திறந்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டுத்தான் பல சதுப்புகள் கெட்டன: தேங்கிய நீரில் வேர் அழுகும், மீனுக்கு வழியும் இருக்காது.

கடல் பக்கத்துக்கு மணலை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால், அந்தப் பள்ளமே கடற்கரை மணலை இழுத்துக்கொள்ளும். லூசியானாவின் கமினாடா முனைக்கு, கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஷிப் ஷோல் என்ற கடலடி மணல் திட்டிலிருந்து சுமார் 67 லட்சம் கன மீட்டர் மணல் வந்தது, 21 கி.மீ. கரை மீண்டது. பழைய கரை மணலைவிடப் பொடியான மணலை எடுக்காதீர்கள், முதல் புயலிலேயே கரைந்துவிடும்.

கொட்டிய மணல் மேட்டின் மீது 1.2 மீட்டர் உயர மரச்சட்ட வேலி போடுங்கள். பாதி மரம், பாதி இடைவெளி. நெருக்கமாக அடைத்தால் காற்று வேலிக்கடியில் அரித்துப் பள்ளமாக்கும். வேலியை ஒட்டி சீ ஓட்ஸ், கசப்புப் பேனிக்கம் என்ற மணல்மேட்டுப் புற்களின் நாற்றுகளை, வேர் ஈர மணலைத் தொடும்படி 15–20 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். நம்மூர் ராவணன் மீசை மணலைக் கட்டிவைப்பது போல அங்கே இவை கட்டிவைக்கும். சதுப்புக்கு ஸ்பார்டினா என்ற உப்புநீர்ப் புல்லின் நாற்று, 1.5 மீட்டருக்கு ஒன்று. நட்டதும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அலையோடும் போகும்.

எல்லா இடத்தையும் பச்சையாக்கிவிட வேண்டாம். கூடு கட்ட ஆலாப் பறவைகளுக்கு வெற்றுத் தரை வேண்டும், பழுப்புக் கூழைக்கடாவுக்குப் புதர் வேண்டும். 2020-இல் மீட்பு வேலை முடிந்த குவீன் பெஸ் தீவில் இரண்டுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கினார்கள். கூடு கட்டும் பருவம் தொடங்குமுன் இயந்திரங்கள் வெளியேறிவிட வேண்டும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அங்கே வேலைக்காலம்.