ஓட்டையைக் கண்டுபிடித்தவர் செய்யக் கூடாதவை

கணினிப் பாதுகாப்பு ஆய்வில், அதாவது இணையதளங்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் வேலையில், இப்போது இறங்கும் இளைஞர்களுக்கு நுட்பம் நன்றாகவே தெரிகிறது. அவர்கள் வயதில் எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரிகிறது. சட்டம் என்று பேச்செடுத்தால் மட்டும் "நாம் நல்லதுதானே சார் செய்கிறோம்" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் இதே வசனத்தைப் பேசித் திரிந்தவன் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல். வைரஸ் பரப்பாதே, கடவுச்சொல்லை விற்காதே என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

## நல்ல எண்ணம் காப்பாற்றும் என்று நம்புவது

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43ஆம் பிரிவை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவது, அதிலிருந்து தரவைப் பதிவிறக்குவது, நகலெடுப்பது எல்லாமே அதில் அடக்கம். நீங்கள் எதற்காக நுழைந்தீர்கள் என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. இழப்பீடு கோர அதுவே போதும். எண்ணம் என்ற கேள்வி 66ஆம் பிரிவில்தான் எழுகிறது. அதே செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, நல்ல எண்ணத்துக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை நீங்கள் நீதிமன்றத்தில் வாதாடித்தான் பெற வேண்டும். அதற்கு முன்பே எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிடும். ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான் என்றாலும் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மடிக்கணினியும் கைபேசியும் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்விடும். அவை எப்போது திரும்பும் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பிரிட்டனில் டேனியல் கத்பெர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு ஆலோசகருக்கு நடந்ததைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த நாட்டின் நிவாரண நிதித் தளத்தில் அவர் 30 பவுண்டு நன்கொடை செலுத்தினார். பணம் பெற்றுக்கொண்டதற்கான பக்கம் வரவில்லை. போலித் தளமோ என்ற சந்தேகத்தில் முகவரிப் பட்டையில் சில புள்ளிகளையும் சாய்கோடுகளையும் தட்டிச் சோதித்தார். அவ்வளவுதான், எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. 1990ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி 2005 அக்டோபரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம் 400 பவுண்டு, வழக்குச் செலவு 600 பவுண்டு. அவர் எதையும் திருடவில்லை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நீதிபதியே வருத்தத்தோடுதான் தீர்ப்பளித்தார்.

## போலீஸிடம் முதலில் ஒரு கதை, பிறகு ஒரு கதை

கத்பெர்ட் செய்த இன்னொரு பிழை இது. செய்யாதீர்கள்.

## ஆதாரம் என்ற பெயரில் அள்ளிக்கொள்வது

எனக்கு இன்றும் கோபம் வருவது இந்தத் தவற்றில்தான்.

பொறியியல் மாணவர் ஒருவர். தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்றின் தளத்தில் தன் கட்டண ரசீதைத் திறந்திருக்கிறார். முகவரியின் கடைசியில் ஓர் எண். அதை ஒன்று கூட்டிப் பார்த்தால் வேறொருவருடைய ரசீது வருகிறது, பெயர், கைபேசி எண், வீட்டு முகவரியோடு. அருமையான கண்டுபிடிப்பு. அங்கே நின்றிருந்தால் நான் அவரைப் பாராட்டியிருப்பேன். அவர் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, இரவு முழுவதும் ஓடவிட்டு, எல்லா ரசீதுகளையும் இறக்கி, கூகுள் டிரைவில் போட்டு, அதன் இணைப்பையே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். பதிலாக வந்தது வக்கீல் நோட்டீஸ். அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

"ஏன் இத்தனை?" என்று கேட்டேன். "ஒன்றிரண்டு காட்டினால் நம்பமாட்டார்கள் சார்."

நம்புவார்கள். நம்பாவிட்டாலும் அது அவர்கள் பாடு. முதல் ரசீதிலேயே ஓட்டை நிரூபணமாகிவிட்டது. இரண்டாவது ரசீதிலிருந்து அவர் நிரூபித்துக்கொண்டிருந்தது 43ஆம் பிரிவின் கூறுகளை. அணுகல், பதிவிறக்கம், நகல், போதாக்குறைக்கு மூன்றாம் இடத்தில் சேமிப்பு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே வைக்கவில்லை. நேர்மையான எண்ணம் என்று வாதிட வாய்ப்புள்ள ஒரே இடத்தையும் அந்த நிரல் அடைத்துவிட்டது. தூங்கும்போதும் ஓடுகிற நிரலை 'தற்செயல்' என்று எந்த நீதிபதியிடம் சொல்வது?

இது புதிய கதையும் அல்ல. 2010இல் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தளத்தில் ஐபேடின் சிம் எண்ணை மாற்றிக் கொடுத்தால் அதன் உரிமையாளரின் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. இருவர் சேர்ந்து நிரல் எழுதி ஏறத்தாழ 1,14,000 முகவரிகளைத் திரட்டி ஒரு செய்தித் தளத்துக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமருக்கு 2013இல் 41 மாதச் சிறை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. வழக்கைத் தவறான மாநிலத்தில் தொடுத்திருந்தார்கள் என்பதே காரணம். கடவுச்சொல் கேட்காத பக்கத்திலிருந்து எடுத்தது குற்றமா என்ற கேள்வியை வைத்து அவரை விடுவிக்கவில்லை. அந்த மனிதர் மீது எனக்கு எந்த அபிமானமும் இல்லை, ஆனால் வழக்கைப் படிக்காமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள்.

சரி, எப்படி நிரூபிப்பது? உங்கள் பெயரிலேயே இரண்டு கணக்குகள் தொடங்குங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றின் தரவு தெரிகிறதா என்று பாருங்கள். அது முடியாத இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரே ஒரு பதிவோடு நிறுத்துங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துத் திரைப்பிடிப்பு எடுங்கள். எந்த நேரத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எத்தனை கோரிக்கைகள் அனுப்பினீர்கள் என்பதை எழுதிவைத்து அறிக்கையில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பதிவேட்டில் அது எப்படியும் இருக்கும். இவ்வளவு செய்தாலும் அனுமதியில்லாத அணுகல், அனுமதியில்லாத அணுகல்தான். இந்தச் சட்டத்தில் ஆய்வாளருக்கென்று தனி விலக்கு எதுவும் கிடையாது. ஆனால் நேர்மையற்ற எண்ணம் என்று சொல்ல எதிராளிக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

## அமெரிக்கத் தீர்ப்பைச் சென்னையில் காட்டுவது

2021இல் வான் பியூரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நாட்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் வீச்சைக் குறைத்தது. நல்லெண்ண ஆய்வாளர்கள் மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று 2022 மே மாதம் அந்த நாட்டு நீதித்துறை அமைச்சகம் கொள்கை வகுத்தது. இரண்டும் நல்ல செய்திகள். இரண்டும் சைதாப்பேட்டை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவிலேயே அந்தக் கொள்கை மத்திய அரசு வழக்கறிஞர்களுக்கு மட்டும்தான். நிறுவனம் தொடரும் சிவில் வழக்கை அது தடுக்காது.

## பக் பவுண்டி இருக்கிறது, எதையும் தொடலாம் என்பது

பக் பவுண்டி என்பது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு நிறுவனமே பரிசு தரும் திட்டம். அதன் பட்டியலில் உள்ள தளங்களுக்கு மட்டுமே அனுமதி. அதே நிறுவனத்தின் துணைத் தளமாகவே இருந்தாலும் பட்டியலில் இல்லாவிட்டால் நீங்கள் அந்நியர்தான். 'நாங்கள் வழக்குத் தொடரமாட்டோம்' என்ற வரி விதிமுறையில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் பரிசுத்தொகையைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதை மட்டும் மறந்துவிடுகின்றன.

## அரசு அறிவித்த 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு'களைச் சீண்டுவது

நாட்டின் முக்கியக் கட்டமைப்பைத் தாங்கும் கணினிகள் என்று அரசே அறிவித்தவை இவை. அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு. 10 ஆண்டு வரை சிறை. முயற்சியே குற்றம்.

## அறிக்கையிலேயே பணம் கேட்பது

"இவ்வளவு கொடுத்தால் விவரம் தருகிறேன்" என்று எழுதிய நொடியில் அது மிரட்டிப் பணம் பறித்தலாகப் படிக்கப்படும். விவரத்தை முழுதாகக் கொடுங்கள். பரிசு உண்டா என்று கேட்பதானால் அவர்கள் ஓட்டையை அடைத்த பிறகு கேளுங்கள். நிறுவனம் பதிலே தராவிட்டால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். அங்கே எழுதிவிட்டால் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்துவிடும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

## வக்கீல் நோட்டீஸுக்கு நீங்களே பதில் எழுதுவது

அந்த மாணவர் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். நல்லவேளை, அனுப்பவில்லை. எந்தெந்தக் கோப்புகளை எப்படி இறக்கினேன் என்பதை அதில் அவ்வளவு பெருமையாக விளக்கியிருந்தார்.