ஊர் நெல்லை வித்துக்கு எடுத்து வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற பழைய ஊர் நெல்லினங்களை இன்னும் சிலர் விதைக்கிறோம். யாராவது ஆராய்ச்சிக்கு வித்துக் கேட்டால் சாக்கிலிருந்து ஒரு சுண்டு அள்ளிக் கொடுத்துவிடுகிறார்கள். அது சோற்றுக்குத்தான் சரி.

வித்துக்கு வேண்டியதை அருவி வெட்டுக்கு முன்பே, வயலில் நிற்கும்போதே எடுக்க வேண்டும். வெட்டு மெசினை நம்பவே வேண்டாம்; பக்கத்து வயல் நெல் அதன் வயிற்றில் கிடக்கும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் என்றாலும், வேறு இன நெல் நிற்கும் வரம்பிலிருந்து 3 மீற்றராவது விலத்தி, வயலின் நடுப்பகுதிக்குப் போங்கள். 100 செடிக்குக் குறையாமல், செடிக்கு ஒரு கதிர் கொய்யுங்கள். இதில் எனக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எப்போதும் வாக்குவாதம். அவர்கள் பெரிய கதிராகப் பார்த்துப் பொறுக்கச் சொல்வார்கள். அடுத்த போகத்துக்கு விதைக்க அது நல்லதுதான். பாதுகாக்க எடுக்கும்போது கட்டையும் நெட்டையும் முந்தியும் பிந்தியும் எல்லாம் சேர வேண்டும். உவரையோ வரட்சியையோ தாங்கும் குணம் எந்தச் செடியில் ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? வேறு இனம் என்று கண்ணால் தெரியும் கலவனை மட்டும் தள்ளிவிடுங்கள்.

அப்புறம் காயவைப்பது. நிழலில், காற்றோட்டமாக. வறுத்து ஆறிய உப்புத்தூளை ஒரு காய்ந்த போத்தலில் போட்டு, நெல்லையும் சேர்த்துக் குலுக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் ஈரம். ஒட்டாவிட்டாலும் வருடக்கணக்கில் வைக்க அது போதாது. அரிசியைப் பொன்னிறமாக வறுத்து ஆறவைத்து, வித்தின் எடைக்குக் குறையாமல் காற்றுப் புகாத போத்தலில் போட்டு, துணிப்பையில் கட்டிய வித்தை அதன்மேல் வையுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு புது அரிசி வறுத்து மாற்றலாம். வித்தின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே வேர்த்துவிடும்.

வருடம் ஒருமுறை 100 மணியை ஈரச்சாக்கில் சுற்றி முளைக்கவையுங்கள். 85க்குக் கீழே போனால் மறுபடி விதைக்கும் காலம் வந்துவிட்டது. புதிதாக வெட்டிய நெல் சில கிழமை முளைக்காமல் உறங்கும், பயப்பட வேண்டாம்.

துண்டில் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள்: நெல்லின் பெயர், ஊர், மண், விதைத்த திகதி, கதிர் வந்த நாள், கிணறு உவரா நன்னீரா, வெள்ளத்தில் எத்தனை நாள் நின்றது. ஆராய்ச்சிக்காரருக்கு நெல்லைவிட இந்தத் துண்டுதான் பெரிது. உவர் தாங்கும் ஏரீ 354 (At 354) என்ற நம் நாட்டு நெல்லினம் பிறந்தது, பொக்காலி என்ற கேரளத்துக் கடலோர நெல்லோடு கலந்து. அது உவரில் வளரும் நெல் என்று தெரிந்திருந்ததால்தானே தேடிப் போனார்கள்.

வித்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் கமம் செய்யும் உறவினரிடம், ஒன்று கண்டிப் பக்கம் கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய தாவர மரபு வளங்கள் நிலையத்துக்கு. விவசாயப் போதனாசிரியரிடம் சொன்னால் வழி காட்டுவார். அங்கே பதியும் இலக்கத்தைக் கேட்டு வாங்கி உங்கள் துண்டிலும் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது நேரே வந்து கேட்டால் கையில் கொடுக்காமல் அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள். 2004இல் நடைமுறைக்கு வந்த, பயிர்களின் மரபு வளங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தப்படி வித்துக் கொடுப்பதற்கென்று எழுத்து உடன்படிக்கை இருக்கிறது.