திகதி தெரியாத பந்தயத்துக்கு மோட்டார் சைக்கிளைத் தயாராக வைத்திருப்பது எப்படி

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓடும் பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள்மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு பந்தயத்தைப் பழையபடி நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆகவே திகதி அறிவிக்கப்படலாம், தள்ளிப்போகலாம், ஒரேயடியாக இல்லாமலும் போகலாம். இந்த இழுபறியில் வன்னியிலிருந்து ஓடப் போகிறவர்கள் விடும் பிழை இரண்டு. ஒன்று, வண்டியைக் கொட்டிலில் அப்படியே போட்டுவிடுவது. மற்றது, அறிவித்தல் வரமுன்பே காசைக் கொட்டுவது.

திகதி இரண்டு மாதத்துக்கு அப்பால் என்றாலோ, தெரியவே இல்லை என்றாலோ, வண்டியை ஓடாமல் முறையாகப் பாதுகாத்து வையுங்கள். வாரத்துக்கு ஒருக்கா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் கூடுதல் கெடுதல். அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச்சூடு ஏறாது. எரிவதால் உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராக நின்றுவிடும். ஓடுவதென்றால் 20 நிமிடம் நன்றாக ஓடுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

முதல் வேலை பெற்றோல். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலில் இலகுவில் பற்றும் பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது காபரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பிசினாகப் படியும். ஐடிலில் எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் பைலற் ஜெற்றின் துளை பொதுவாக அரை மில்லிமீற்றர்கூட வராது. அது அடைபட்டால் வண்டி ஐடிலில் நிற்காது, சோக் போட்டால் மட்டும் இழுக்கும். தாங்கியிலிருந்து வரும் பெற்றோல் திறப்பானை (கொக்) மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, கடைசிச் சொட்டுவரை வடியவிடுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் காபரேட்டர் கிளீனர் அடித்து, தங்கூசி (நைலோன்) நூலால் துளையைக் குத்துங்கள். கம்பி போட்டால் துளை பெருத்துக் கலவை மாறிவிடும். இரும்புத் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். இடைவெளி இருந்தால் மாரிகால ஈரம் படிந்து துருவாகும். பிளாஸ்டிக் தாங்கியை வெறுமையாக்கலாம். எதுவானாலும் பந்தயத்துக்குப் பழைய பெற்றோலை ஊற்றாதீர்கள். பெற்றோலோடு ஒயில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 32க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 31 மில்லிலீற்றர் ஒயில். ஓடுகிற அன்றைக்கே கலவுங்கள்.

எஞ்சின் ஒயிலை வைக்கும்போதே மாற்றுங்கள். எடுக்கும்போது மாற்றலாம் என்று விட்டால், பழைய ஒயிலிலுள்ள அமிலம் அத்தனை நாளும் பெயரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக நாலைந்து தரம் அமத்துங்கள். பிளக்கைப் பூட்டி, கிக்கர் இறுகுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது.

எயார் பில்ரரில்தான் வன்னி வண்டிகள் சாகின்றன. நம்முடைய கிரவல் வீதிச் செம்மண் தூள் மாவைவிட நுண்மை. பஞ்சு பில்ரரைப் பெற்றோலில் கழுவினால் ஒட்டிய பசை விட்டுவிடும். மண்ணெண்ணெயில் அலசி, பின் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். பிழிவதென்றால் உள்ளங்கைகளுக்கிடையில் வைத்து அமத்துங்கள், முறுக்கினால் கிழியும். காய்ந்தபின் பூசும் பில்ரர் ஒயில் எங்கும் ஒரே நிறமாகப் பரவ வேண்டும். பூட்டமுன் விளிம்பில் கிறீஸ் பூசுங்கள். ஒரு ஓட்டத்துக்குப் பிறகு பில்ரரைக் கழற்றி, காபரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் தூசி உள்ளே போகிறது. அதோடு தொடர்ந்து ஓடினால் அடுத்தது பிஸ்டன் ரிங் தேய்ந்து நீலப்புகைதான்.

சைலன்சர் வாயையும் எயார் பெட்டியின் வாயையும் துணி வைத்து அடைத்து, பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். காலபோக நெல் வீட்டுக்கு வரும் காலத்தில் எலியும் வரும்; வயரையும் பில்ரர் பஞ்சையும் விடாது. அடைத்ததை மறக்காதபடி ஹான்டிலில் சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். பற்றரி இருந்தால் கழற்றி வைத்து மாதம் ஒருக்கா அளவுங்கள், 12.4 வோல்ற்றுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். சில்லு இரண்டும் நிலத்தில் படாமல் ஸ்ராண்டில் நிற்கட்டும்.

செலவில் ஒழுங்கு வேண்டும். கேபிள், பிரேக் பாட், பிளக், செயின் முதலியவற்றை இப்போதே வாங்கலாம். எந்தப் பந்தயத்துக்கும் உதவும். புது ரயர் வாங்குவதையும், சிலிண்டரைக் குடைந்து (போர் பண்ணி) எஞ்சின் கொள்ளளவைக் கூட்டுவதையும் போட்டி விதிகள் கையில் வரும்வரை நிறுத்தி வையுங்கள். வகுப்புப் பிரிவு மாறினால் அந்த எஞ்சின் எந்தப் பிரிவிலும் அடங்காமல் நிற்கும். போட்டி உரிமம் காலாவதியாகும் திகதியையும் பாருங்கள்.

வண்டியை மூடி வைக்காமல் பயிற்சி ஓடுவதென்றால், இடம் முக்கியம். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை இல்லாததை மட்டும் நம்பி எந்தப் பற்றைக் காணியிலும் இறங்காதீர்கள். கிராம அலுவலரிடம் விசாரித்து, ஆட்கள் பயிர் செய்து பாவிக்கும் நிலத்தை, உரிமையாளரின் சம்மதத்தோடு எடுங்கள். குளக்கட்டில் ஓடாதீர்கள், ஆட்களும் மாடும் போகும் வழி அது. பார்க்க வருகிறவர்களை வளைவின் வெளிப்பக்கத்திலும், பாய்ந்து இறங்கும் இடத்துக்கு நேரேயும் நிற்க விடவே கூடாது. கட்டுப்பாடு இழந்த வண்டி வளையாது, நேரே போகும். கயிறு அதை நிறுத்தாது. சிவப்புக் கொடியோடு ஒருவர் நிற்காமல் ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.

திகதி உறுதியானதும் மூன்று கிழமை போதும். வண்டியைப் பட்டா லொறியில் ஏற்றமுன் ஒன்றை யோசியுங்கள்: தியத்தலாவ கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே. அங்கே காற்று மெலிவு. கிளிநொச்சியில் சரியாக ஓடிய காபரேட்டர் அங்கே பெற்றோலைக் கூடுதலாகக் கொடுக்கும், பிளக் கரிபிடித்துக் கறுக்கும், இழுவை குறையும். இப்போது போட்டிருப்பதைவிட ஒன்றிரண்டு இலக்கம் சிறிய மெயின் ஜெற்றுகளை (முழு வேகத்தில் பெற்றோல் விடும் ஜெற்) கொண்டுபோய், பயிற்சி ஓட்டத்தில் பிளக்கின் நிறம் மண்ணிறமாகும்வரை மாற்றிப் பாருங்கள். திரும்பி வந்ததும், வண்டியை மீண்டும் ஸ்டார்ட் பண்ணமுன், பழைய ஜெற்றைப் பூட்டிவிடுங்கள். சிறிய ஜெற்றோடு இங்கே முழுத் திறட்டிலில் ஓடினால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.