அணுமின் நிலையத்தின் நன்மை தீமைகளைக் கணக்கிடும் முறை: கூடங்குளத்தை முன்வைத்து

ஓர் அணுமின் நிலையம் வட்டாரத்துக்கு நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று தூரவாரியாகப் பிரித்து எழுதுவதே முதல் வேலை.

மாநிலத்தின் கணக்கு எளிது. கூடங்குளத்தில் உள்ளதுபோன்ற 1,000 மெகாவாட் உலை ஒன்று 80 விழுக்காடு திறனில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி யூனிட் கிடைக்கும். அதையே நிலக்கரியில் எடுத்தால், யூனிட்டுக்குச் சுமார் 0.9 கிலோ வீதம், 63 லட்சம் டன் கரியமில வாயு வெளியேறும். பக்கத்து முப்பந்தல் காற்றாலைகளைப் போல இது பருவக்காற்றை நம்பியதும் அன்று. ஆனால் எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தினால் 1,000 மெகாவாட்டும் ஒருசேரப் போய்விடும் என்பதால், ஓராண்டு உற்பத்தியைப் பார்த்து மயங்காமல் பல ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988இல் கையெழுத்தானது. முதல் உலையின் வணிக உற்பத்தி 2014 இறுதியில்தான் தொடங்கியது. கட்டுமானம் இழுபட்டால் ஏறும் வட்டியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையின் கணக்கில்தான் நிதானம் தேவை. உலையைக் குளிர்விக்கும் கடல்நீர் சற்றுச் சூடாகத் திரும்புகிறது. வெப்ப வேறுபாடு 7 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. அளவீட்டு அறிக்கையை மட்டும் வாசிக்காமல், பக்கத்து இடிந்தகரை மீனவர்களிடம் சிங்கி இறால் எவ்வளவு பிடிபடுகிறது என்றும் கேட்டு, இரண்டையும் அருகருகே வையுங்கள். வேலைவாய்ப்பு என்று சொல்லப்பட்டால், நிரந்தரப் பணி எத்தனை, ஒப்பந்தக் கூலி எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பூசி மெழுகுவார்கள்.

பிறகு நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட வட்டத்தை வரைபடத்தில் வரைந்து, உள்ளே வரும் ஊர்களைக் குறியுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் வெளியேறும் சாலை எது, பேருந்து எத்தனை, கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரையை யார் தருவார் என்பதற்கு விடை வேண்டும். 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் இடிந்தகரையில் மூண்ட போராட்டத்தை வெறும் பீதி என்று தள்ளியவர்கள் இந்தக் கேள்விகளையும் சேர்த்தே தள்ளினார்கள்.

கடைசியாக, கழிவு. நிலையத்தை இயக்க அனுமதித்த 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, பயன்படுத்திய எரிபொருளுக்கு நிரந்தர ஆழ்நிலக் கிடங்கை விரைந்து அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் வட்டாரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ப் படியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கழிவு எங்கே, எத்தனை ஆண்டு, யார் பொறுப்பில் இருக்கும் என்பதை எழுத்துமூலம் கேட்டு, ஒப்புகையையும் பெற்றுக்கொள்ளுங்கள்.