மாற்று லைப்ரரி எழுதும் முன்: பதிப்புரிமைச் சிக்கலில் விழாதிருக்கும் வழி

மூலநிரலைத் தராமல் விற்கப்படும் ஒரு லைப்ரரிக்கு (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்புக்கு) மாற்றாக, அதே ஃபங்ஷன் பெயர்களோடும் அதே நடத்தையோடும் திறந்த மூல லைப்ரரி ஒன்றை எழுத முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், முதல் வரி நிரலுக்கு முன்பே தொடங்க வேண்டியது ஒரு குறிப்பேடு. யார், எந்த நாளில், எந்த ஆவணத்தைப் படித்தார், எதைச் சோதித்தார், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டார் என்பதைத் தேதியிட்டு அதில் எழுதி வாருங்கள். இரண்டு நிரல்களும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்கும் நீதிமன்றம், எழுதியவருக்கு மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்றும் கேட்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதற்கு நினைவிலிருந்து சொல்லும் பதிலுக்கு மதிப்புக் குறைவு.

அமெரிக்காவில் ஆல்டாய் நிறுவனத்தின் மீது கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் நிறுவனம் 1988இல் தொடுத்த வழக்கை இத்துறையில் இறங்குகிற எவரும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பேன். பெருங்கணினிகளில் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளுக்குள், வெவ்வேறு இயங்குதளங்களோடு பேசுவதற்கென்றே ‘அடாப்டர்’ என்ற பகுதியை வாதி நிறுவனம் வைத்திருந்தது. அங்கிருந்து ஆல்டாய்க்கு மாறிய நிரலாளர் ஒருவர் அதன் மூலநிரலைத் தம்மோடு கொண்டுவந்து, அதே வேலையைச் செய்யும் ‘ஆஸ்கர்’ என்ற பகுதியை எழுதிக் கொடுத்தார். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு அடாப்டரிலிருந்து எடுத்தது என்பது வழக்கு வந்த பிறகே நிர்வாகத்துக்குத் தெரிந்தது. அதன் பின் அந்நிறுவனம் செய்ததுதான் நமக்குப் பாடம். எந்தெந்தப் பகுதிகள் நகல் என்று அந்த நிரலாளரிடம் கேட்டுப் பிரித்தெடுத்தார்கள். புதிதாக எழுதும் பணியிலிருந்து அவரை முற்றாக விலக்கி, அவரிடமிருந்த அடாப்டர் நிரலைப் பூட்டி வைத்தார்கள். அதை ஒருபோதும் பார்த்திராத எட்டு நிரலாளர்களிடம் தேவைப்படும் சேவைகளின் விவரத்தை மட்டும் கொடுத்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் புதிதாக எழுதவைத்தார்கள். பழைய பதிப்புக்காக நீதிமன்றம் 3,64,444 டாலர் இழப்பீடு விதித்தது; புதிய பதிப்பு பதிப்புரிமையை மீறவில்லை என்றது.

1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது வகுத்த ஆய்வுமுறையை நீங்களே உங்கள் நிரலுக்குச் செய்து பார்க்கலாம். நிரலை அதன் நோக்கத்திலிருந்து வரிகள் வரை படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் திறனுக்காக வேறு வழியின்றி அமைந்தவை, வன்பொருளோ இயங்குதளமோ கட்டாயப்படுத்தியவை, பொதுவெளியில் உள்ளவை ஆகியவற்றை வடிகட்டி நீக்கிய பிறகு மிஞ்சுவதை மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது அம்முறை. ஆகவே உங்கள் நிரலில் ஒரு பகுதி மூலத்தைப் போலவே அமைய நேரிட்டால், ஏன் வேறு மாதிரி எழுத இயலவில்லை என்பதைக் குறிப்பேட்டில் அப்போதே எழுதிவிடுங்கள்.

ஃபங்ஷன் பெயர்களையும் அவற்றின் அளவுருக்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்பதே பலரும் கேட்கும் கேள்வி. ஒரு மென்பொருளைப் பிற நிரல்கள் அழைக்கும் இடைமுகத்துக்கு ஏபிஐ என்று பெயர். ஆண்ட்ராய்டுக்காக ஜாவா ஏபிஐயின் 37 தொகுப்புகளிலிருந்து கூகுள் எடுத்த சுமார் 11,500 அறிவிப்பு வரிகள் (ஃபங்ஷன்களின் பெயரையும் அளவுருக்களையும் சொல்பவை) குறித்து ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் 6-க்கு 2 என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டு ‘ஏபிஐக்குப் பதிப்புரிமையே இல்லை’ என்று சொல்லித் திரிபவர்கள் தீர்ப்பைத் தவறாகப் படித்தவர்கள். பதிப்புரிமை உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் இந்தப் பயன்பாடு நியாயமானது என்று மட்டுமே நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் சாஸ் நிறுவன வழக்கில் இன்னும் தெளிவாக, நிரலின் செயல்பாட்டுக்கும் நிரலாக்க மொழிக்கும் கோப்பு வடிவத்துக்கும் கணினி நிரலுக்குரிய பாதுகாப்பு கிடையாது என்றது. நடைமுறையில், பொருந்தியோட இன்றியமையாத பெயர்களையும் மாறிலிகளின் மதிப்புகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெடர் கோப்பை (அந்த அறிவிப்புகள் அடங்கிய கோப்பை) நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதிலுள்ள கருத்துரைகள், கையேட்டின் விளக்கங்கள், எடுத்துக்காட்டு நிரல்கள், சோதனைத் தொகுப்பு ஆகிய எதையும் நகலெடுக்காதீர்கள். நிரலில் கண்ணும் கருத்துமாக இருந்தவர்கள்கூடக் கையேட்டுப் பத்தியை அப்படியே ஒட்டிவிடுவது உண்டு.

தகவலைத் திரட்டும் வழியும் முக்கியம். விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் திறந்த மூல மென்பொருளான சாம்பாவின் திட்டத்தினர் பெரும்பாலும் வலைப்பின்னலில் செல்லும் செய்திகளைக் கவனித்தே விண்டோஸ் கோப்புப் பகிர்வை விளங்கிக்கொண்டார்கள். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸ் போன்ற பிற இயங்குதளங்களில் ஓட்டும் வைன் திட்டத்தில் மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை ஏற்பதில்லை. சோதனை நிரல்களும் பொது ஆவணங்களுமே ஆதாரம். உள்ளீடு கொடுத்து வெளியீட்டைப் பார்க்கும் இவ்வழி மெதுவானதுதான், ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு சான்றாகவும் நிற்கும். டீகம்பைல் செய்தே (இயங்கும் கோப்பிலிருந்து நிரலைப் பின்னோக்கி மீட்டெடுத்தே) தீர வேண்டுமென்றால், அதைச் செய்பவர் விவரக்குறிப்பை மட்டும் சொற்களில் எழுதட்டும். நிரல் எழுதுபவர் வேறொருவராக இருக்கட்டும். தனியாளாக வேலை செய்பவருக்கு இந்தப் பிரிவினை கிடையாது என்பதால், அவர் டீகம்பைலரைத் தொடாதிருப்பதே நல்லது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனித்து உருவாக்கிய நிரல் ஒன்று மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவலைப் பெறும் செயலை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவருக்கே அது பொருந்தும்; அத்தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். திருட்டு நகலை வைத்து ஆராய்ந்தால் இந்த நிழலில் ஒதுங்க முடியாது.

இனி உரிம ஒப்பந்தம். ‘நிறுவுக’ பொத்தானை அழுத்தும் முன் அதைப் படித்து, ஒரு நகலைச் சேமித்து வையுங்கள். ரிவர்ஸ் எஞ்சினியரிங் (முடிந்த மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்து அதன் இயக்கத்தைக் கண்டறிதல்) கூடாது என்ற விதி செல்லும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2003இல் பேஸ்டேட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே நோக்கிலான ஒப்பந்த விதி, சேர்ந்தியங்கும் தேவைக்கான ஆய்வைத் தடுக்குமளவுக்கு ஐரோப்பாவில் செல்லாது. இந்தியாவின் 52ஆம் பிரிவில் அப்படியொரு வாசகம் இல்லை என்பதால், இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

பங்களிப்பவர்களிடம், அந்த லைப்ரரியின் மூலநிரலைப் பார்த்ததில்லை, அந்த நிறுவனத்தோடு இரகசியக் காப்பு ஒப்பந்தம் எதுவும் தமக்கில்லை என்ற உறுதிமொழியைக் கமிட்டுகளை (அவர்கள் அனுப்பும் நிரல் மாற்றங்களை) ஏற்கும் முன்பே எழுத்தில் பெறுங்கள். ஏஐ உதவியாளர் எதைப் படித்துப் பழகியது என்று அதற்கே சொல்லத் தெரியாது. அதனிடம் உறுதிமொழி வாங்க இயலாது என்பதால், மாற்று லைப்ரரியின் மையப் பகுதிகளுக்கு அதை நான் பயன்படுத்த மாட்டேன். பேடன்ட் என்பது தனிக்கதை: மூலத்தைப் பார்க்காமல் எழுதினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. லைப்ரரியின் வணிகப் பெயரையும் உங்கள் திட்டத்தின் பெயருக்குள் நுழைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நகலெடுத்த வரிகள் ஓரிடத்தில் தெரியவந்தால், அவற்றைச் சேர்த்தவரை வைத்தே திருத்தி எழுதாதீர்கள். எந்தக் கமிட், எந்த வரிகள் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மூலத்தைப் பார்க்காத வேறொருவரிடம் விவரக்குறிப்பை மட்டும் கொடுங்கள். பழைய வெளியீடுகளின் பதிவிறக்கத்தையும் உடனே நிறுத்துங்கள். ஆல்டாய் இழப்பீடு கட்டியது ஏற்கெனவே வெளியே போய்விட்ட அந்தப் பழைய பதிப்புக்காகத்தான்.