கடித்த இலையைக் கிள்ளாதீர்கள்: பள்ளியில் உயிர்த்தோட்டம் போடத் தன்னார்வலர்களைப் பழக்கும் முறை

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில், சில வருடங்களுக்கு முன், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வைத்து ஒரு சின்னத் தோட்டம் போட்டோம். இரண்டு மாதத்தில் கறிவேப்பிலைக் கன்றுகளில் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் வந்துவிட்டன. நாங்கள் காத்திருந்ததே அதற்காகத்தான். அடுத்த சனிக்கிழமை போனால் ஒரு புழுகூட இல்லை. புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலும் அடித்திருந்தார். செடியைக் காப்பாற்றிய சந்தோஷம் அவருக்கு. அவர்மேல் தவறு சொல்ல முடியாது. எப்படி நடுவது என்று சொல்லிக் கொடுத்த நாங்கள், யாருக்காக நடுகிறோம் என்று சொல்லவே இல்லை.

அதனால் இந்த விளக்கத்தில் செடியைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பட்டாம்பூச்சி, பறவை, தேனீ, ஓணான், தேரை எல்லாம் வந்து தங்கிப் பிழைக்கிற தோட்டத்தை உயிர்த்தோட்டம் என்கிறேன். அமெரிக்காவில் தேசிய காட்டுயிர்க் கூட்டமைப்பு 1973 முதல் வீட்டுத் தோட்டங்களை இப்படி மாற்றும் திட்டத்தை நடத்துகிறது. பள்ளிகளுக்கும் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. உணவு, தண்ணீர், ஒளிந்துகொள்ள மறைவு, குஞ்சு வளர்க்க இடம் ஆகிய நான்கும் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகளில் அடக்கம். அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செடிப் பட்டியலை நம் மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் படி: ஆள் சேர்ப்பது

எட்டு முதல் பத்துப் பேர் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள், ஓய்வு பெற்றவர்கள், முன்னாள் மாணவர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று யாரும் வரலாம். செடி வளர்த்த அனுபவம் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. "மே மாதம் ஊரில் இருப்பீர்களா?" என்று கேட்பேன். பத்துப் பேரில் மூன்று பேராவது பள்ளிக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். அது அமையாவிட்டால், அமையும்வரை தோட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றத்தின் பொறுப்பாசிரியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது ஓர் ஆசிரியர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும், தன்னார்வலர் யாரும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொருவரையும் முதல் நாளே அழையுங்கள்: பள்ளி வளாகத்தைக் கூட்டும் அக்கா. தோட்டத்தில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, போட வேண்டிய சருகைத் தினமும் கூட்டிக் கொளுத்துவது அவர் வேலையாக இருக்கும். அவருக்கு விஷயம் தெரியாமல் நாம் மட்டும் பயிற்சி எடுத்துப் பயனில்லை. தேரை எந்தக் குழாயடியில் இருக்கிறது, மைனா எந்த ஓட்டையில் கூடு வைத்திருக்கிறது என்பதெல்லாம் நமக்கு முன்பே அவருக்குத் தெரியும். எங்கள் பயிற்சிகளில் அதிகம் சொல்லிக் கொடுத்தது அப்படிப்பட்ட அக்காக்கள்தான்.

முதல் சனிக்கிழமை: பார்ப்பது மட்டும்

ஆனி மாதத்தில் தொடங்கினால் நல்லது. காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். மண்வெட்டி வேண்டாம், நோட்டும் பென்சிலும் போதும். ஆளுக்கொரு மூலையில் இருபது நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். என்ன வந்தது, எதில் உட்கார்ந்தது, என்ன தின்றது என்று எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "வால் ஆட்டுகிற கறுப்புக் குருவி" என்று எழுதினாலும் சரி.

பிறகு பள்ளியின் வரைபடம் ஒன்றைத் தாளில் வரையுங்கள். மதிய வெயில் எங்கே அடிக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர் எங்கே ஓடுகிறது, ஆடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அதில் குறியுங்கள். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள், அடுத்த வருடம் தேவைப்படும்.

இரண்டாம் சனிக்கிழமை: யாருக்கு எந்தச் செடி

பயிற்சியின் உயிர் இந்த நாளில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பட்டாம்பூச்சி பலவகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் முட்டை இடக் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தேடும். எலுமிச்சை அழகிக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். ஆவாரையும் சரக்கொன்றையும் இருந்தால் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டை இடும். ரோஜா அழகிகளுக்கு ஆடுதின்னாப்பாளை. வேலூரைச் சுற்றி எருக்கை நடவே வேண்டாம், பிடுங்காமல் விட்டால் தானே வளரும்.

அருகில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தால் எல்லாரையும் அங்கே கூட்டிப்போய் இலையைத் திருப்பிக் காட்டுங்கள். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்த பிறகு இலை நிறத்துக்கு வந்துவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போல ஒன்று நீளும், நெடியும் அடிக்கும். ஒரு தரம் அதைப் பார்த்தவர் அப்புறம் புழுவை நசுக்க மாட்டார். நான் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தேன்சிட்டும் தையல்சிட்டும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலையில் ஓட்டை விழுந்தால் தோட்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதே சமயம், முழங்கால் உயரக் கன்றைப் பத்துப் புழு தின்றால் கன்று தாங்காது. அதற்காகவே ஒரே வகையில் ஐந்தாறு கன்றுகளைச் சேர்த்து வையுங்கள். ஒன்றில் கூட்டம் அதிகமானால், இலையோடு எடுத்துப் பக்கத்துக் கன்றில் விடலாம். காய்கறிப் பாத்தி இருந்தால் அது தள்ளி இருக்கட்டும். அங்கே அடிக்கும் கரைசல் இங்கே வரக் கூடாது.

சுற்றுச்சுவர் இல்லாத பள்ளியில் ஆட்டைச் சமாளிக்க நம் பெரியவர்கள் செடியின் பெயரிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். ஆடாதோடை: ஆடு தொடாதது. ஆடுதின்னாப்பாளை: ஆடு தின்னாதது. ஆடாதோடையையும் நொச்சியையும் நெருக்கமாக நட்டால் உயிர்வேலி ஆகிவிடும், பூவுக்குத் தேனீயும் வரும்.

பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. அரளி முழுச்செடியும் விஷம், தொடக்கப்பள்ளியில் வைக்கவே வேண்டாம். ஆடுதின்னாப்பாளையையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது. எருக்கையும் இதையும் வேலிக்கு அப்புறம் வையுங்கள். உண்ணிச்செடியைத் தவிருங்கள், அதில் பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் அது காடுகளை ஆக்கிரமிக்கும் செடி. குரோட்டன்ஸ் கண்ணுக்கு அழகு, நம் பூச்சிகளுக்கு அதில் பெரிதாகச் சாப்பாடு கிடையாது. மரம் என்றால் புங்கன், பூவரசு, நாவல், இவற்றில் ஒன்றோ இரண்டோ போதும். கட்டடத்திலிருந்து 15 அடியாவது தள்ளி நடுங்கள்.

மூன்றாம் சனிக்கிழமை: குழியும் நடவும்

புதர்ச்செடிக்கு ஒன்றரை அடி, மரத்துக்கு இரண்டரை அடி குழி. மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய தொழுவுரம் கலந்து திருப்பிப் போடுங்கள். நடும்போது பிளாஸ்டிக் கவரை முழுதாகக் கிழித்து எடுங்கள். புதிய ஆட்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள், ஆடிக்காற்று கன்றை ஆட்டி வேரைக் கிளப்பிவிடும். சருகை மூன்று விரற்கடை உயரம் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டிப் போட வேண்டாம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நடச் சொல்லிக் கேட்பார்கள். நம் பக்கம் அப்போது அனல் குறைந்திருக்காது. அன்றைக்குக் குழி வெட்டுங்கள், விதை சேகரியுங்கள். நடவை ஆடி, ஆவணியில் மழை பெய்து மண் நனைந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேர் இறங்கிவிடும்.

நான்காம் சனிக்கிழமை: தண்ணீரும் பாம்பும்

இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டு ஒன்றில் நாலைந்து கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கல் இருந்தால் தேனீ முழுகாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது. இதைச் செய்ய ஆள் இல்லாத வாரத்தில் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். முதல் வருடம் குளம் வெட்ட வேண்டாம்.

"பாம்பு வராதா?" எந்தத் தலைமை ஆசிரியரும் முதலில் கேட்பது இதுதான். வரவே வராது என்று சொல்லாதீர்கள். கண்ணாடி விரியன், நல்ல பாம்பு, கட்டு விரியன், சுருட்டை விரியன் நான்குமே தமிழ்நாட்டில் உண்டு. கல்குவியல், கட்டைக்குவியல் எல்லாம் வகுப்பறை, கழிப்பறை, குழாயடியிலிருந்து தூரமான மூலையில் இருக்கட்டும். பாதையின் இரு பக்கமும் மூன்று அடிக்குப் புல் இல்லாமல் வையுங்கள். மிச்சச் சோறு சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சருகுக்குள் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டுங்கள். செருப்பில்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, இருட்டிய பிறகு வேலையே வேண்டாம்.

பாம்பைப் பார்த்தால் பிள்ளைகளை நகர்த்திவிட்டு 101க்கு அழைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அடிக்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். வேலூர் நகரைச் சுற்றி இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இதை வாயால் சொன்னால் போதாது. தன்னார்வலர் ஒருவரைக் கடிபட்டவராக உட்காரவைத்து மற்றவர்களைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மே மாதம்

நட்ட அன்று போட்டோவுக்கு ஐம்பது பேர் நிற்பார்கள். கத்திரி வெயிலில், பள்ளி பூட்டிக் கிடக்கும்போது, ஒரு குடம் தண்ணீரோடு வருபவர் கையில்தான் தோட்டம் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கூடி, யார் எந்த நாள் என்று ஒரு தாளில் முறை போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர். கேட் சாவி யாரிடம், மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் யார் வீட்டிலிருந்து என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை, கன்றுக்கு ஒரு வாளி, காலையில் வெயில் ஏறுவதற்கு முன்.

ஆள் குறைவென்றால் பானைப் பாசனம் கைகொடுக்கும். பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, பருத்தித் துணியைத் திரியாக நுழைத்து, கன்றின் பக்கத்தில் கழுத்துவரை புதையுங்கள். தண்ணீர் நிரப்பி வாயை மூடிவிட்டால் தண்ணீர் மெதுவாக வேருக்குக் கசியும்.

ஒரு நோட்டைச் சத்துணவுக் கூடத்தில் தொங்கவிடுங்கள். வருபவர் தேதி, எந்தச் செடிக்கு ஊற்றினார், என்ன பார்த்தார் என்று இரண்டு வரி எழுதட்டும். ஒருவர் விலகினால் அடுத்தவர் படித்துத் தொடர அது போதும்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளை அழைத்துப்போய், முதல் சனிக்கிழமை உட்கார்ந்த அதே மூலைகளில் அதே இருபது நிமிடம் உட்காரவையுங்கள். பழைய தாளையும் புதுத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். காய்ந்துபோன கன்றின் குழியில் ஒரு குச்சி நடுங்கள். ஆடியில் அங்கே என்ன வைக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளையே கேளுங்கள்.